ஐபிஎம் 5155, தோஷிபா டி1000: பழைய பெட்டிக் கணினிகளை எச்டிஎம்ஐ டிவியில் காட்டுவது எப்படி?

சிப்புட்_வாத்தியார்:

வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்ட ஆபீஸைக் காலி செய்தபோது வந்த இரண்டு கணினிகள் பள்ளி நூலகத்தில் இருக்கின்றன. ஒன்று ஐபிஎம் 5155. தையல் மெஷின் பெட்டி மாதிரி இருக்கும், 13 கிலோவுக்கு மேல் கனம், உள்ளேயே 9 அங்குல அம்பர் திரை. மற்றது தோஷிபா டி1000, 640க்கு 200 எல்சிடி.

இரண்டுக்கும் உயிர் இருக்கிறது. 5155ஐப் போட்டால் ஒரு பீப் வருகிறது, பிளாப்பியிலிருந்து டாஸ் ஏறும் சத்தமும் கேட்கிறது. ஆனால் திரை மங்கிவிட்டது, விளக்கை அணைத்தால்தான் எழுத்து தெரியும். டி1000 திரையைத் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்க வேண்டும். 30 பிள்ளைகள் ஒன்றாகப் பார்க்கும்படி மண்டபத்து டிவியில் காட்டவேண்டும். அந்த டிவியில் எச்டிஎம்ஐ மட்டும்தான் உண்டு.

செய்து பார்த்தவை: 5155இன் வட்ட ஆர்சிஏ துளையிலிருந்து ஏவி-எச்டிஎம்ஐ பெட்டி ஒன்றில் கொடுத்தேன். 40 எழுத்து வரிசை பரவாயில்லை. 80 எழுத்து வரிசையில் எல்லாம் வானவில், படிக்க முடியவில்லை. பிறகு 9 ஊசியை 15 ஊசியாக்கும் கேபிள் ஒன்றை வாங்கி விஜிஏ மானிட்டரில் போட்டேன், ஒன்றும் வரவில்லை.

என்ன வாங்கவேண்டும்? இரண்டு கணினிக்கும் ஒரே சாமான் போதுமா? அம்பர் திரையைக் கழற்றிவிட்டு அங்கேயே ஒரு எல்சிடி வைத்துவிடலாமா?

---

ஈயப்புகை:

சார், முதலில் அந்த 9-15 கேபிளை எங்காவது ஓரமாகப் போட்டுவிடுங்கள். 5155இல் இருப்பது சிஜிஏ அட்டை, அதாவது ஐபிஎம்மின் பழைய வண்ணத் திரை அட்டை. அதன் 9 துளை வாயிலிருந்து வருவது 5 வோல்ட் டிடிஎல் குறிகை, அதாவது எரி, அணை என்று இரண்டே நிலை உள்ள டிஜிட்டல்: சிவப்பு, பச்சை, நீலம், பிரகாசம், இரண்டு சிங்க் (வரியும் பிரேமும் தொடங்கும் இடத்தைச் சொல்லும் துடிப்புகள்). வரி வேகம் 15.7 கிலோஹெர்ட்ஸ். விஜிஏ மானிட்டர் கேட்பது 0.7 வோல்ட் அனலாக், 31.5 கிலோஹெர்ட்ஸ். கேபிள் கம்பியை இடம் மாற்றும், வேகத்தை மாற்றாது. மானிட்டர் உள்ளீட்டுக்கு 5 வோல்ட் போவதும் நல்லதல்ல.

ஆர்சிஏ துளையில் எழுத்து சிதறுவதற்குக் காரணம் வேறு. சிஜிஏயின் பிக்சல் கடிகாரம் 14.318 மெகாஹெர்ட்ஸ். 80 எழுத்து வரிசையில் அடுத்தடுத்த பிக்சல் மாறிமாறி எரிந்தால் அது 7 மெகாஹெர்ட்ஸ் குறிகை. ஆர்சிஏ துளையில் வரும் காம்போசிட்டில், அதாவது படமும் நிறமும் ஒரே கம்பியில் கலந்து வரும் குறிகையில், நிறம் உட்கார்ந்திருப்பது 3.58 மெகாஹெர்ட்ஸில். அதைச் சுற்றி வரும் நுணுக்கங்களை எல்லாம் பெட்டி நிறம் என்று எடுத்துக்கொள்கிறது, அதுதான் உங்கள் வானவில். அதோடு சிஜிஏ ஒரு பிரேமுக்கு 262 வரியை இடைவிடாமல் அனுப்புகிறது. மலிவுப் பெட்டிகள் அதைப் பின்னல் வரிப் படம் (ஒற்றை வரிகளும் இரட்டை வரிகளும் மாறிமாறி வருவது) என்று நினைத்துப் பிரித்துச் சேர்க்கும், அதனால் எழுத்து மேலும் கீழும் குதிக்கும்.

ஒரு பைசா செலவில்லாமல் இன்றைக்கே ஒன்று செய்து பாருங்கள். டாஸில் மோட் கட்டளைக்குப் பின் பிடபிள்யூ80 என்று அடியுங்கள். நிறக்குறிகை நின்றுவிடும். பல பெட்டிகள் கறுப்பு வெள்ளைக்கு மாறி, எழுத்து ஓரளவு படிக்கும்படி வரும். ஏதாவது நிரல் திரையை மீண்டும் நிற முறைக்கு மாற்றினால் வானவில் திரும்பிவிடும்.

சரியான வழி 'ஆர்ஜிபி-டு-எச்டிஎம்ஐ' என்ற திறந்த வடிவமைப்புப் பலகை. 'ராஸ்பெரி பை ஜீரோ' (சுருக்கமாகப் பை) என்ற சின்னக் கணினிப் பலகையின் மேல் உட்காரும். முதலில் பிபிசி மைக்ரோ என்ற பழைய கணினிக்காக வந்தது, இப்போது சிஜிஏ, இஜிஏ, எம்டிஏ, ஹெர்குலிஸ் என்று பழைய திரை அட்டைகள் எல்லாம் பிடிக்கும். பலகையில் இருக்கும் சில்லு கணினியின் பிக்சல் வேகத்திலேயே ஒவ்வொரு பிக்சலையும் எடுத்துப் பைக்குக் கொடுக்கிறது. அனலாக் வேலையே இல்லை, அதனால் மங்கலும் இல்லை.

வாங்கும்போது 9 ஊசி டிடிஎல் உள்ளீடு உள்ள வகையைக் கேட்டு வாங்குங்கள். அமிகா கணினிக்குள் பொருத்தும் வகையும் இதே பெயரில் விற்கிறது, அது உங்களுக்கு ஆகாது. கூடவே வேண்டியவை: 40 ஊசி பற்றவைத்த பை ஜீரோ, மினி எச்டிஎம்ஐயிலிருந்து சாதா எச்டிஎம்ஐக்கு மாற்றும் முனை (இதைத்தான் எல்லாரும் மறப்பார்கள், அப்புறம் ஈப்போவுக்கு இன்னொரு தடவை ஓடவேண்டும்), 5 வோல்ட் 1 ஆம்பியர் சார்ஜர், 32 ஜிபிக்கு மேற்படாத மைக்ரோ எஸ்டி. 64 ஜிபி அட்டை எக்ஸ்ஃபேட் முறையில் வரும், பை அதைத் திறக்காது. ஃபேட்32 ஆக்கி, வெளியீட்டுக் கோப்புகளை அப்படியே அட்டையின் வேரில் போடுங்கள். உறைக்குள் உறையாகப் போட்டால் ஏறாது.

கேபிள் விஷயத்தில் அவசரப்படாதீர்கள். 9க்கு 9 நேர் கேபிள், இரு முனையும் ஆண். சீரியலுக்கு விற்கும் நேர் கேபிள் ஆகும். 'நல் மோடம்' கேபிள் ஆகவே ஆகாது: அதில் 2ம் 3ம் குறுக்காகப் போகின்றன. சிஜிஏயில் 2 தரை (கிரவுண்ட்), 3 சிவப்பு. அட்டையின் சிவப்பு வெளியீட்டை நேராகத் தரையில் இறக்கியதாகிவிடும். 7ம் 8ம் கூட மாறும், 8தான் வரி சிங்க், ஆகப் படமும் நிற்காது. மல்டிமீட்டரில் ஒவ்வொரு ஊசியாகத் தொட்டுப் பார்த்துவிட்டுச் செருகுங்கள்.

கணினியின் பின்னால் எது எந்தத் துளை என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். சிஜிஏ வாய் பெண். ஆண் முனை உள்ள 9 ஊசி இருந்தால் அது சீரியல், அதில் கூட்டியும் கழித்தும் 12 வோல்ட் ஓடும். பலகைக்கு அது சாவு.

சிஜிஏ வாயில் 5 வோல்ட் கிடையாது. பைக்கு சார்ஜரிலிருந்துதான் கொடுக்கவேண்டும். கணினிக்குள்ளிருந்து 5 வோல்ட் இழுத்துக் கொடுப்பவர்கள் சார்ஜரை அப்போது செருகக்கூடாது. இரண்டில் ஒன்றுதான்.

5155இல் ஒரு வசதி: அம்பர் திரைக்கு அட்டையின் உள்முனையிலிருந்து காம்போசிட் தனியாகப் போகிறது. ஆகவே வெளியே டிவி, உள்ளே அம்பர், இரண்டும் ஒன்றாக ஓடும். அந்தத் திரையைக் கழற்றவேண்டிய அவசியமே இல்லை. அணைத்த பிறகும் குழாயில் பல ஆயிரம் வோல்ட் நிற்கும், கழுத்துக் கண்ணாடி லேசாகத் தட்டினாலே போய்விடும். பிள்ளைகளுக்குக் காட்டவேண்டிய பொருளே அந்தக் குழாய்தான் என்பேன்.

---

லைன்மேன்_தாப்பா:

படத்தைப் பற்றி ஈயப்புகை சொல்லிவிட்டார். நான் கரண்டைச் சொல்கிறேன்.

5155இன் பின்னால் தகட்டைப் படியுங்கள் சார். 115 வோல்ட் மட்டும் போட்டிருந்தால் நம் சுவரில் நேராகச் செருகக்கூடாது. இறக்குமாற்றி வேண்டும். அதன் சப்ளை 114 வாட், ஆகவே 300 விஏ வாங்கினால் சூடு ஏறாது. ஷேவருக்கு விற்கும் சின்னப் பெட்டி வேண்டாம்.

சப்ளையின் நுழைவில் மஞ்சள் நிறக் காகித மின்தேக்கி இருக்கிறதா என்று பாருங்கள். நம் ஊர் ஈரத்தில் அதன் மேல் ஓடு வெடிப்பு விட்டு உள்ளே நீர் ஏறியிருக்கும். ஓடிக்கொண்டிருக்கும்போதே புகை கக்கும், நாற்றம் ஒரு வாரம் போகாது. அதே மதிப்பில், எக்ஸ்2 என்று முத்திரை உள்ள பிளாஸ்டிக் வகையை மாற்றிப் போடுங்கள்.

மதர்போர்டில் 12 வோல்ட் கம்பிகளில் 10 மைக்ரோஃபாரட் 16 வோல்ட் டாண்டலம் மின்தேக்கி இருக்கும். அது ஷார்ட் ஆனால் மின்விசிறி ஒரு துடி துடித்து நின்றுவிடும், சப்ளை செத்தது போலத் தெரியும். சப்ளை முனைகளைக் கழற்றி, போர்டில் 12 வோல்ட் ஊசிக்கும் தரைக்கும் ஓம் அளந்து பாருங்கள். சில ஓம்தான் காட்டினால் குற்றவாளி அதுதான். 25 வோல்ட் வகை போடுங்கள். முனைகளைத் திரும்பச் செருகும்போது கறுப்புக் கம்பிகள் இரண்டு முனையிலும் நடுவில் சேரவேண்டும். மாற்றிச் செருகினால் போர்டு போச்சு.

அடுத்தது, பூமித் துளையில் பென்சிலைக் குத்திவிட்டு இரண்டு முனை பிளக்கைச் செருகும் நம்ம ஊர் வித்தை. பூமி இல்லாத டிவியும் சார்ஜரும் தங்கள் வடிகட்டி வழியாக உலோக உடம்பில் பாதி மின்னழுத்தம் வரை மிதக்கவிடும். ஆளுக்குச் சுருக்கென்று இருக்கும், அவ்வளவுதான். ஆனால் எச்டிஎம்ஐ கம்பி வழியாக அது சிஜிஏ அட்டையைத் தொடும்போது அங்கே இருக்கும் 74எல்எஸ்244 சில்லு போய்விடும். எல்லாவற்றையும் அணைத்து, கேபிள்களை மாட்டி, ஒரே மூன்று முனை நீட்டிப்பில் செருகி, அப்புறம் சுவிட்சைப் போடுங்கள். ஓடும்போது 9 ஊசியைப் பிடுங்கவேண்டாம். மதியத்துக்கு மேல் இடி முழங்கினால் டிவியின் ஆன்டெனா கம்பியையும் கழற்றிவிடுங்கள், அந்த வழியாகத்தான் முதலில் வரும்.

---

செம்பனை_லயன்:

பை பலகை நல்லதுதான். ஆனால் கைவசம் ஜிபிஎஸ்-8200 பலகை இருந்தால் அதிலும் ஆகும். ஆர்கேட் கடைகளில் பயன்படும் சீனப் பலகை, 15 கிலோஹெர்ட்ஸ் அனலாக் உள்ளே, விஜிஏ வெளியே (உங்கள் டிவிக்கு அதன்பின் ஒரு விஜிஏ-எச்டிஎம்ஐ மாற்றியும் வேண்டும்). டிடிஎல்லை அனலாக்காக மாற்றுவது மட்டும் நம் வேலை. சாமான்கள் கோலாலம்பூர் ஜாலான் பாசாரில் கிடைக்கும்.

ஒரு 74எச்சிடி244 சில்லு. ஊசி 20க்கு 5 வோல்ட், 10 தரை, 1ம் 19ம் தரையில், 20க்கும் 10க்கும் இடையில் 0.1 மைக்ரோஃபாரட். எட்டு வழிகளில் நான்கு, மூன்று நிறங்களுக்கும் பிரகாசத்துக்கும்; இரண்டு, சிங்க்குக்கு. மிச்ச இரண்டில் ஒன்றைப் பிரகாச வழியோடு இணைத்துவிடுங்கள், அதுதான் மூன்று நிறத்துக்கும் சுமை தூக்குவது.

ஒவ்வொரு நிறத்துக்கும்: நிறக்கம்பியிலிருந்து 680 ஓம், பிரகாசக் கம்பியிலிருந்து 1.3 கிலோ ஓம், இரண்டும் சேரும் இடத்திலிருந்து ஜிபிஎஸ்ஸின் 75 ஓம் உள்ளீட்டுக்கு. நிறம் மட்டும் எரிந்தால் ஏறத்தாழ 0.45 வோல்ட், பிரகாசம் மட்டும் என்றால் 0.24, இரண்டும் சேர்ந்தால் 0.69. இதற்கு மேல் போனால் வெள்ளை எல்லாம் ஒரே வெள்ளையாகிவிடும்.

சிங்க்: சிஜிஏயில் இரண்டும் நேர்முகம். 74எச்சி86 சில்லின் ஒரு வாயிலில் இரண்டையும் கொடுத்தால் கூட்டுச் சிங்க், அதையே அடுத்த வாயிலில் 5 வோல்ட்டோடு கொடுத்தால் தலைகீழாகும். 470 ஓம் தொடராகப் போட்டு ஜிபிஎஸ்ஸுக்கு அனுப்புங்கள்.

---

ஈயப்புகை:

செம்பனை, கணக்கு சரி. ஆனால் ஜிபிஎஸ் தன் சொந்தக் கடிகாரத்தில் அளவெடுக்கிறது. சிஜிஏயின் ஒரு வரி 912 பிக்சல். அந்த எண்ணிக்கையோடு ஒட்டாத வேகத்தில் எடுத்தால் சில எழுத்தின் கால் தடிக்கும், சிலதின் கால் கரையும். விளையாட்டுப் படங்களுக்குப் போதும், 80 எழுத்து வரிசைக்கு உறுத்தும். இன்னொன்று, உங்கள் மின்தடை வழியில் 6ஆம் எண் நிறம் அழுக்கு மஞ்சளாக வரும். ஐபிஎம் 5153 மானிட்டர் அந்த ஒரு நிறத்துக்கு மட்டும் பச்சையைப் பாதியாக்கிப் பழுப்பு ஆக்கியது. பை பலகையில் அந்த நிறத்தட்டு சரியாகவே இருக்கிறது.

---

சிப்புட்_வாத்தியார்:

அனைவருக்கும் நன்றி. தகட்டில் 230 வோல்ட்டும் இருக்கிறது, அதனால் இறக்குமாற்றி தேவைப்படவில்லை. மஞ்சள் மின்தேக்கியை மாற்றியாகிவிட்டது. பை பலகை வந்து 5155இன் படம் டிவியில் வந்துவிட்டது. மூன்று தொல்லைகள்:

திரையின் வலப்பக்கத்து எழுத்துகள் மட்டும் நடுங்குகின்றன, இடப்பக்கம் கல் மாதிரி நிற்கிறது. டிவி மேல் வரியையும், இட ஓரத்து முதல் எழுத்தையும் தின்றுவிடுகிறது. சில நிரல்கள் ஓடும்போது வெள்ளைப் புள்ளிகள் மூட்டைப்பூச்சி மாதிரி ஓடுகின்றன, பலகை பழுதா?

டி1000ஐ அதே கேபிளில் மாட்டினால் சிங்க் இல்லை என்று வருகிறது.

---

ஈயப்புகை:

மூட்டைப்பூச்சியிலிருந்து தொடங்குகிறேன். அது பலகையின் பழுதே இல்லை, ஐபிஎம் சிஜிஏ பிறந்ததிலிருந்தே அப்படித்தான். 80 எழுத்து வரிசையில் செயலியும் திரையும் ஒரே நேரத்தில் படநினைவகத்தைத் தொட்டால் திரைக்குத் தவறான பைட் போய்விடும். பயாஸ் வழியாக எழுதும் நிரல்கள் காத்திருந்து எழுதும், நேராக எழுதுபவை காத்திருக்காது. திரை நகரும்போது ஒரு வெட்டு வெட்டி அணைந்து வருவதும் அதே கதைதான். முன்பு அம்பர் மங்கலில் மறைந்திருந்தது, இப்போது டிவியில் பளிச்சென்று தெரிகிறது. விட்டுவிடுங்கள்.

நடுக்கம்: இடம் சரியாக, வலம் போகப் போகக் கெட்டால் வரி நீளமோ கடிகாரமோ தவறு, பிழை பிக்சலுக்குப் பிக்சல் சேர்ந்துகொண்டே போகிறது. திரை முழுக்க ஒரே அளவாக நடுங்கினால் அது கட்டம், அதாவது பிக்சலின் எந்தப் புள்ளியில் அளவெடுப்பது என்பது. உங்களுடையது முதல் வகை. பலகையின் மெனுவில் சிஜிஏ புரொஃபைல்தான் (அந்த அட்டைக்கான அமைப்புத் தொகுப்பு) தேர்வாகியிருக்கிறதா பாருங்கள், கடிகாரம் 14318 கிலோஹெர்ட்ஸ் பக்கம், வரி 912 பிக்சல். அதன்பின் திரை நிறைய எழுத்தை நிரப்புங்கள், கோப்புப் பட்டியல் போதும். அதை அசையாமல் நிறுத்திவிட்டுத் தானியங்கி அளவீட்டை ஓட்டுங்கள். காலித் திரையில் ஓட்டினால் அதற்குப் பிடித்துக்கொள்ள விளிம்பே இல்லை, தோன்றிய இடத்தில் நின்றுவிடும். முடிந்ததும் சேமிக்க மறக்காதீர்கள்.

ஓரம் வெட்டுவது டிவியின் வேலை. படம் அளவு என்ற இடத்தில் 16:9ஐ விட்டுவிட்டு, வெட்டாமல் அப்படியே காட்டும் முறைக்கு மாற்றுங்கள், ஒவ்வொரு பிராண்டிலும் ஒவ்வொரு பெயர். 1080 வரியில் 200ஐ 5 மடங்காக்கினால் 1000, 640ஐ 2 மடங்காக்கினால் 1280. முழு மடங்கு, கிட்டத்தட்ட 4:3 அமைப்பும் கூட. இருபக்கமும் கறுப்புப் பட்டை இருக்கட்டும், திரையை நிரப்ப இழுத்தால் எழுத்துத் தடிப்பு ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி ஆகும்.

டி1000: அது தன் எல்சிடியைத்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறது. வெளித்திரைக்கு மாறச் சொல்லும்வரை ஆர்ஜிபி வாயில் எதுவும் வராது. கையேட்டில் உள்ள கட்டளையைக் கொடுங்கள். வந்தபின் அதற்கென்று தனிப் புரொஃபைல் ஒன்றைச் சேமித்துவிடுங்கள், 5155இன் கட்டம் அதற்குப் பொருந்தும் என்று நம்பவேண்டாம். அந்தப் பெட்டியின் உள் பேட்டரிகள் நிக்கல் காட்மியம், பச்சை பூத்திருந்தால் முதலில் அதை வெட்டி எடுங்கள். தடங்களைத் தின்றுகொண்டிருக்கும்.

இன்னொன்று. பின்னாளில் எம்டிஏ அட்டை உள்ள கணினி ஏதாவது வந்தால், அது 50 ஹெர்ட்ஸ், 18.4 கிலோஹெர்ட்ஸ். கணினி மானிட்டர்களில் பல 50ஐ ஏற்காது. நம் நாட்டு டிவிகள் 50 ஹெர்ட்ஸில் ஓடும் 'பிஏஎல்' ஒளிபரப்பு முறைக்குப் பிறந்தவை, அவற்றில் தயக்கமில்லாமல் வரும்.

---

கூலிம்_பையன்:

அண்ணே, இடையில் வருவதற்கு மன்னிக்கவும். வெளித்திரை வாயே இல்லாத பழைய மடிக்கணினிக்கு என்ன வழி? 640க்கு 200, கறுப்பு வெள்ளை எல்சிடி.

---

ஈயப்புகை:

எல்சிடி ரிப்பனையே தட்டிப் பார்க்கவேண்டும் தம்பி. அங்கே சிஜிஏ மாதிரிக் குறிகை இருக்காது. 4 தரவுக் கம்பி, தள்ளுக் கடிகாரம், வரிப் பூட்டு, பிரேம் தொடக்கம், ஆக 7. ஒரு கடிகாரத் துடிப்புக்கு 4 பிக்சல். மேல் பாதியையும் கீழ் பாதியையும் ஒன்றாக எழுதும் பேனல் என்றால் தரவு 8 ஆகும், 100 வரிகளாக இரண்டு கூட்டம். துருவ மாற்றக் கம்பி ஒன்றும் இருக்கும், அதைத் தரவு என்று எடுத்துவிடாதே.

ராஸ்பெரி பை பைகோ என்ற சிறு கட்டுப்பாட்டுப் பலகை போதும். கடிகாரம் கம்பியிலேயே வருவதால் ஊகிக்கவேண்டியதில்லை, அதன் பிஐஓ (ஊசிகளைத் தனியாகக் கவனிக்கும் பகுதி) கடிகாரத்தின் ஒவ்வொரு விளிம்புக்கும் காத்திருந்து 4 பிட் எடுக்கும். ஒரு முழுத்திரை 16,000 பைட், பைகோவில் 264 கிலோபைட் நினைவகம் இருக்கிறது. 252 மெகாஹெர்ட்ஸில் ஓட்டினால் 640க்கு 480 டிவிஐ படத்தை அதுவே உண்டாக்கும், எட்டு கம்பிகளுக்கும் தலா 270 ஓம் போட்டு எச்டிஎம்ஐ துளைக்குக் கொடுக்கலாம். 200 வரியை இரட்டித்தால் 400, மேலும் கீழும் 40 வரி காலி.

இரண்டு இடத்தில் சுடும். பைகோ 5 வோல்ட்டைத் தாங்காது, நடுவில் 3.3 வோல்ட்டில் ஓடும் 74எல்விசி245 சில்லு வேண்டும். ஒரு சில்லு 8 கம்பி, இரட்டைப் பேனலுக்கு இரண்டு. அடுத்து, அதே ரிப்பனில் காண்ட்ராஸ்ட்டுக்கான எதிர்மின் கம்பி ஓடும், கழித்தல் 20 வோல்ட் அளவுக்கும் போகும். கணினி ஓடும்போது ரிப்பனின் எல்லாக் கம்பிகளையும் தரைக்கு அளந்து காகிதத்தில் எழுதிக்கொள், 0க்கும் 5க்கும் வெளியே இருக்கும் எதையும் தொடாதே.

சாம்பல் நிறம் காட்டும் பேனல் என்றால் பிக்சலைப் பிரேமுக்குப் பிரேம் அணைத்து எரித்துத்தான் அதைக் காட்டும். எடுத்த பிரேமை அப்படியே அனுப்பினால் டிவியில் மினுக்கும், அடுத்தடுத்த 4 பிரேமைக் கூட்டிச் சராசரி போடு.

இதே பைகோவைச் சிஜிஏக்கும் பயன்படுத்த நினைத்தால் ஒரு நல்ல பொருத்தம் உண்டு: 252ஐ 2.2ஆல் வகுத்தால் 114.545, அது 14.318இன் சரியாக 8 மடங்கு. பிஐஓவின் வகுப்பான் 256இல் ஒரு பங்காகத்தான் நகரும், 2க்கு மேல் 256இல் 51 பங்கு என்று வை. 640 பிக்சல் முடிவில் கால் பிக்சல்தான் நழுவும், ஒவ்வொரு வரி சிங்க்கிலும் புதிதாகத் தொடங்கினால் அதுவும் சேராது.